முழங்கையில் எலும்பு தேடுவது எப்படி? புதிதாகக் கற்பவர்களுக்கு

பிசியோதெரபி, நர்சிங் முதல் வருடம் சேர்ந்த பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான். படத்தில் பளிச்சென்று தெரிகிற எலும்பு, ஆளைத் தொட்டால் மட்டும் ஏன் சிக்க மாட்டேன் என்கிறது? காரணம் இருக்கிறது. படத்தில் கை எப்போதும் நேராக நீட்டி, உள்ளங்கை முன்னால் பார்த்தபடி இருக்கும். உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவரோ கையை மடக்கி, உள்ளங்கையை மடியில் கவிழ்த்து வைத்திருப்பார். அதிலேயே பாதி திசை மாறிவிடுகிறது. அதனால் படத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, உங்கள் சொந்த இடது முழங்கையில் ஆரம்பியுங்கள். நான் தருமபுரியில் பல வருடமாகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன், ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் வராதவர் யாருமில்லை.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். விரல் ஓர் இடத்தில் நிற்கட்டும், எலும்பு அடியில் அசையட்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கை அசையாமல் கிடக்கிறது, விரல்தான் மேலும் கீழும் அலைகிறது, எல்லா மேடும் ஒரே மாதிரி தெரிகிறது. விரலை வைத்துவிட்டு மடக்குங்கள், நீட்டுங்கள், திருப்புங்கள் என்று சொல்லிப் பாருங்கள், எந்த எலும்பு எது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

தொடுவதற்கு முன்னால்

நகம் வெட்டியிருக்க வேண்டும். மார்கழிக் காலையில் தேன்கனிக்கோட்டைப் பக்கமெல்லாம் விரல் விறைத்துக் கிடக்கும், உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள், குளிர்ந்த விரல் பட்டதும் ஆளின் தசை இறுகிவிட்டால் அடியில் ஒன்றும் தெரியாது. எங்கே தொடப்போகிறீர்கள், எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெண்களானால் ரவிக்கைக் கையை அவர்களே ஏற்றிவிடட்டும், கூட வந்தவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

விரல் நுனியால் குத்தக் கூடாது, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்த சதைப்பகுதியால் தொட வேண்டும். எவ்வளவு அழுத்துவது? கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது சுலபம். மாம்பழம் பழுத்ததா என்று கட்டைவிரலால் லேசாக அமுக்கிப் பார்ப்போமே, பழம் கன்றிப்போகாமல், அந்த அழுத்தம் போதும். தோலை நகர்த்தி அடியில் இருக்கும் கெட்டியை உணர்கிற அளவு. அதற்குமேல் அழுத்தினால் உங்கள் விரலுக்கே உணர்ச்சி மங்கிவிடும், அவருக்கும் வலிக்கும்.

ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, கையை மேசையில் ஒரு தலையணைமேல் சாய்த்து, முழங்கையை ஏறக்குறைய 90 டிகிரி மடக்கி, உள்ளங்கை அவர் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். கையின் பாரம் முழுக்கத் தலையணையில் இருக்க வேண்டும். அவர் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் தசை வேலை செய்யும், நீங்கள் தேடுவது அதற்கடியில் ஒளிந்துகொள்ளும். கையில் ஒரு பால்பாயிண்ட் பேனா வைத்துக்கொள்ளுங்கள், கண்டுபிடித்த ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைக்கப்போகிறோம்.

மூன்று எலும்பு சேரும் இடம் இது. மேலிருந்து வருவது ஹியூமரஸ், அதாவது மேற்கை எலும்பு. கீழே இரண்டு: சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். தொட்டு அறிய வேண்டிய முக்கியமான இடங்கள் நான்கு. அவற்றில் இரண்டு ஹியூமரஸுக்குச் சொந்தம், ஒன்று அல்னாவுக்கு, ஒன்று ரேடியஸுக்கு.

முதல் புள்ளி: முழம் தொடங்கும் இடம்

பேருந்து நிலையத்துக்கு வெளியே பூக்காரம்மா சரத்தை முழம் போடும்போது முழங்கை முனையில் ஒரு நுனியைப் பிடித்து நடுவிரல் நுனிவரை இழுப்பார். அவர் தொடங்குகிற அந்த முனைதான் ஓலிக்ரனான். கன்னத்தில் கை வைத்து மேசையில் ஊன்றினால் பலகையில் படுவதும் இதுதான். இதைக் கண்டுபிடிக்க யாரும் சிரமப்படுவதில்லை. ஆனால் இது எந்த எலும்பு என்று கேட்டால் பாதிப்பேர் மேற்கை எலும்பின் அடிமுனை என்கிறார்கள். இல்லை. இது முன்கையில் இருக்கும் அல்னாவின் மேல்முனை. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கையை மடக்கி நீட்டிப் பாருங்கள், முன்கையோடு சேர்ந்து அதுவும் நகரும். மேற்கை எலும்பின் இரு பக்க மேடுகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் பின்னால் வரும் முக்கோணம் தானாகவே புரியும்.

ஓலிக்ரனானைப் பிடித்த கையோடு இன்னொன்றையும் செய்துவிடுங்கள். அங்கிருந்து விரலை எடுக்காமல் மணிக்கட்டை நோக்கி, முன்கையின் பின்பக்க விளிம்பு வழியே கீழே இறக்குங்கள். ஒரு கெட்டியான கோடு, வழி நெடுக தோலுக்கு அடியிலேயே, எங்கும் அறுபடாமல் கிடைக்கும். அதுதான் அல்னாவின் பின்விளிம்பு. சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் மேட்டில் போய் முடியும். தடி வைத்து யாராவது அடிக்க வந்தால் கையைத் தூக்கி மறைப்போம் இல்லையா, அடி நேராக விழுவது இந்த விளிம்பில்தான், தசை மெத்தை எதுவும் இல்லாத எலும்பு. அங்கே விழுந்த அடியில் எலும்பு விரிசல் விட்டிருந்தால் விரல் ஓட்டும்போதே வலி ஒரே புள்ளியில் வந்து நிற்கும்.

ஓலிக்ரனானுக்கு நேர் மேலே, மேற்கையின் பின்புறம், பட்டையாக ஒரு நாண் தட்டுப்படும். அது டிரைசெப்ஸ் தசை வந்து ஒட்டும் இடம். அந்த முனைமேல் இருக்கும் தோலைக் கிள்ளிப் பாருங்கள், தளர்வாக எழும்பி வரும். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய பை ஒன்று இருக்கிறது, சாதாரணமாக விரலுக்குத் தெரியாது. நாள் முழுக்க முழங்கையை ஊன்றி வேலை செய்பவர்களுக்கு அதில் நீர் சேர்ந்து எலுமிச்சை மாதிரி தொங்கும். அதை எலும்பு வளர்ந்துவிட்டது என்று பயந்துகொண்டு வருவார்கள். அமுக்கினால் மெத்தென்று இருக்கும், எலும்பு அப்படி இருக்காது.

இரண்டாவது: உள்பக்க மேடு

இது மீடியல் எபிகாண்டைல். உடம்பை ஒட்டிய பக்கம், நாலு இடத்திலும் நன்றாகத் துருத்திக்கொண்டிருப்பது. மேற்கையின் உள்பக்கத்தில் விரலை வைத்து நேராகக் கீழே வழுக்கிக்கொண்டு வாருங்கள், தடுக்கி நிற்கிற முதல் மேடு அதுதான். புள்ளி வையுங்கள். இப்போது கையை மடக்கி நீட்டச் சொல்லுங்கள், அது மேற்கை எலும்பின் பகுதி என்பதால் ஓலிக்ரனான் மாதிரி முன்கையோடு ஓடாது.

சரிதானா என்று பார்க்க ஒரு வழி. உள்ளங்கை மேலே பார்த்தபடி இருக்கட்டும், மணிக்கட்டை உள்பக்கம் மடக்கச் சொல்லி நீங்கள் எதிர்த்துப் பிடியுங்கள். அந்த மேட்டுக்குக் கொஞ்சம் கீழே, முன்பக்கம், தசைக்கட்டு ஒன்று கெட்டியாக எழும்பும். மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் தசைகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் புறப்படுகிறது. இந்த இடத்தில் வரும் வலிக்குப் புத்தகத்தில் கோல்ஃப் ஆடுபவரின் முழங்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவர்களில் கோல்ஃப் மட்டையைத் தொட்டவர் ஒருவரும் இல்லை, தினம் நாலு மாடு கையால் பால் கறப்பவர்களும், பிடித்துப் பிழியும் வேலை செய்பவர்களும்தான்.

இப்போது கவனம் தேவைப்படும் இடம். மீடியல் எபிகாண்டைலுக்கும் ஓலிக்ரனானுக்கும் நடுவே, மேட்டை ஒட்டிப் பின்னால், ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்குள் விரலை மெதுவாக வைத்தால் வழவழப்பான ஒரு கயிறு விரலுக்கடியில் உருளும். அது அல்னார் நரம்பு. கதவுநிலையில் முழங்கை இடித்து ஜிவ்வென்று சுண்டுவிரல்வரை கரண்ட் அடித்திருக்கும் அல்லவா, அடி பட்டது இதன்மேல்தான். எலும்பில் இடித்துக்கொண்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் நரம்பு எலும்புக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் உணர்ச்சி கொண்டுபோவது இது. அதனால்தான் சரியாக அந்த ஒன்றரை விரலில் மட்டும் மரத்துப்போகிறது.

நரம்பைத் தொட்டு உணர்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீணைக் கம்பியைச் சுண்டுவது மாதிரி சுண்டிப் பார்க்கிறார்கள் சிலர், வேண்டாம், இன்னொருவர் கையில் கண்டிப்பாக வேண்டாம். சிலருக்குக் கையை மடக்கும்போது இந்த நரம்பு மேட்டின்மேல் ஏறி முன்பக்கம் வழுக்கிப் போவதும் உண்டு, விரலுக்கடியில் டக்கென்று தெரியும். இந்த இடம் மனதில் பதிந்திருந்தால், கட்டுப் போடும்போதும் படுத்த நோயாளியின் கையை வைக்கும்போதும் அந்தப் பள்ளத்தின்மேல் கெட்டியாக எதுவும் அழுத்தாமல் பார்த்துக்கொள்வீர்கள். நர்சிங் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக அழுத்திச் சொல்வேன்.

மூன்றாவது: வெளிப்பக்க மேடு, எல்லாரும் தவறுகிற இடம்

லேட்டரல் எபிகாண்டைல் உள்பக்கத்து மேடு மாதிரி எடுப்பாக இருக்காது, சின்னது, அதனால்தான் குழப்பம். புதியவர்கள் வெளிப்பக்கத்தில் கையை வைத்ததும் விரலுக்குக் கிடைக்கிற முதல் உருண்டையைப் பிடித்துக்கொண்டு இதுதான் என்பார்கள். பெரும்பாலும் அது ரேடியஸின் தலையாக இருக்கும், ஒரு கட்டைவிரல் அகலம் கீழே.

அதனால் கீழிருந்து தேடாதீர்கள், மேலிருந்து இறங்குங்கள். மேற்கையின் வெளிப்பக்கம், கீழ் மூன்றில் ஒரு பங்கில், தசைகளுக்கு நடுவே கத்தி முதுகு மாதிரி ஒரு எலும்பு விளிம்பு தட்டுப்படும். அந்த விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு கீழே வந்தால் அது ஒரு சிறிய மேட்டில் போய் முடிகிறது. அங்கே புள்ளி. முழங்கை மடங்கியிருக்கும்போது இது நன்றாகத் தெரியும், கையை முழுக்க நீட்டிவிட்டால் வெளிப்பக்கம் பின்னால் விழும் குழிக்குள் இறங்கிவிடும்.

சோதிக்க: உள்ளங்கையைக் கவிழ்த்து, மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கச் சொல்லி எதிர்த்துப் பிடியுங்கள். புள்ளிக்குக் கீழே முன்கையில் தசை உடனே இறுகும். மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் பல ஒரே நாணாகச் சேர்ந்து இங்கே ஒட்டுகின்றன.

இந்த மேட்டைச் சரியாகக் கண்டுபிடிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்வேன். பென்னாகரம் பக்கம், வயது ஐம்பதுக்கு மேல், வீட்டில் எட்டுப்பேருக்கு ராகிக் களி கிண்டுகிறவர். வந்து உட்கார்ந்ததும், "தண்ணிச் சொம்பத் தூக்குனா கையி உட்டுப்போவுது தம்பி" என்றார். எங்கே வலி என்று கேட்டால் முழங்கையைச் சுற்றிக் கையால் ஒரு வளையம் போட்டுக் காட்டினார். முட்டியே வலி என்று நினைத்து மூன்று மாதமாக ஓலிக்ரனானைச் சுற்றி எண்ணெய் தேய்த்திருக்கிறார். நான் கையை மேசையில் சாய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். முனையில் வலி இல்லை. உள்மேட்டில் இல்லை. ரேடியஸ் தலைமேல் விரலை வைத்து முன்கையைத் திருப்பினேன், அப்போதும் முகம் மாறவில்லை. லேட்டரல் எபிகாண்டைலில் வைத்து, அங்கிருந்து அரை விரல் அகலம் முன்னாலும் கீழுமாக நகர்ந்ததும் வளையல் சலசலக்கக் கையை இழுத்துக்கொண்டார். "ஆங், அங்கதான்!" மணிக்கட்டை மட்டும் தூக்குங்கம்மா என்று எதிர்த்துப் பிடித்தபோதும் அதே இடத்தில் வலி.

டென்னிஸ் எல்போ என்பது இதுதான். களி கிண்டும்போது இரண்டு கையும் துடுப்பை இறுக்கிப் பிடிக்கின்றன, கெட்டியாகிவரும் மாவு எதிர்த்துத் தள்ளுகிறது. பிடி நழுவாமல் இருக்க மணிக்கட்டை நிமிர்த்தி வைப்பது இந்தத் தசைகள், அவற்றின் இழுப்பு முழுக்க அந்தச் சின்ன மேட்டில் வந்து விழுகிறது. சொம்பைத் தூக்கும்போதும் அதேதான். வேலையைக் கொஞ்ச நாள் மருமகளிடமும் மகனிடமும் பிரித்துக் கொடுக்கச் சொல்லி, அந்தத் தசைகளுக்கு மெதுவாகப் பலம் ஏற்றும் பயிற்சி கொடுத்தோம். வலி ஒரே நாளில் போகவில்லை, மாதக்கணக்கில் ஆனது, ஆனால் போனது. இடம் தெரியாமல் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த மாதங்களும் வீணாகியிருக்கும்.

நான்காவது: சுழலும் தலை

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். லேட்டரல் எபிகாண்டைல் புள்ளியிலிருந்து மணிக்கட்டை நோக்கி 2 முதல் 2.5 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம், கொஞ்சம் பின்பக்கமாக இறங்குங்கள். விரலை வைத்து அழுத்தாமல் நிறுத்துங்கள். இப்போது முழங்கை மடங்கியபடியே இருக்க, உள்ளங்கையை மேலே காட்டி, கீழே கவிழ்த்து, மறுபடி மேலே, பூட்டில் சாவி திருப்புவது மாதிரி மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள்.

விரலுக்கடியில் ஒரு வட்டத் தட்டு சுழலும். ஒகேனக்கல்லில் பரிசல்காரர் துடுப்பை ஒரு போடு போட்டுப் பரிசலை நின்ற இடத்திலேயே சுற்றவிடுவாரே, பரிசல் எங்கேயும் போகாது, ஆனால் விளிம்பு மட்டும் கண்முன்னால் ஓடிக்கொண்டிருக்கும், அதே உணர்ச்சி. இதுதான் ரேடியஸின் தலை. வேறு இடத்துக்கு ஓடிவிடாமல் அதைச் சுற்றி ஒரு தசைநார் வளையம் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலிருக்கும் எபிகாண்டைலில் விரலை வைத்து இதே மாதிரி திருப்பச் சொன்னால் எலும்பு சுழலாது. இரண்டுக்கும் குழப்பம் வந்தால் இந்த ஒரு சோதனை போதும்: திருப்பினால் சுழல்வது ரேடியஸ், சுழலாதது ஹியூமரஸ். இரண்டுக்கும் நடுவே நகத்தால் கீறிய மாதிரி ஒரு மெல்லிய இடைவெளி தெரிந்தால் மூட்டுக் கோட்டையே தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கைக்குழந்தைகளும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களும் வரும்போது இந்தத் தலையை நினைவில் வையுங்கள். பேருந்துப் படியில் ஏற்ற ஒற்றைக் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்குவார்கள். சின்ன வயதில் அந்த வளையத்தின் பிடி தளர்வு என்பதால் வளையம் தலையைத் தாண்டி நழுவி நடுவில் மாட்டிக்கொள்ளும். பெரிதாக வீக்கம் இருக்காது, எக்ஸ்ரேவிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஆனால் குழந்தை கையை லேசாக மடக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அந்தக் கையால் பிஸ்கட்கூட வாங்காது. டாக்டர் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். வீட்டில் யாரும் இழுத்துத் திருகிப் பார்க்க வேண்டாம், எலும்பு முறிவாக இருந்தால் நிலைமை மோசமாகிவிடும். குழந்தையைத் தூக்குவதென்றால் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள் என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்லி அனுப்புகிறேன்.

புள்ளிகளைச் சேர்த்துப் பார்ப்பது

நான்கு புள்ளியும் வைத்தாகிவிட்டது. ரேடியஸ் தலையைக் கொஞ்சம் விட்டுவிட்டு, ஓலிக்ரனான் முனை, உள்மேடு, வெளிமேடு மூன்றையும் மட்டும் பாருங்கள். நண்பரின் முதுகுப்பக்கம் போய் நின்று, முழங்கை 90 டிகிரி மடங்கியிருக்கும்போது பின்னாலிருந்து கவனித்தால் மேலே இரண்டு, கீழே ஒன்று என்று முக்கோணம் தெரியும். கையை முழுக்க நீட்டச் சொல்லுங்கள். கீழே இருந்த புள்ளி மேலே ஏறி, மூன்றும் குறுக்கே ஒரே கோட்டில் வந்துவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஹியூட்டர் பெயரால் இதை ஹியூட்டர் முக்கோணம் என்கிறார்கள். ஓலிக்ரனான் மட்டும் முன்கையைச் சேர்ந்தது என்று முன்னால் சொன்னது இங்கே வேலைக்கு வருகிறது: இரண்டு புள்ளி நிற்கிறது, ஒன்று ஓடுகிறது, அதனால் முக்கோணம் கோடாகிறது.

இதனால் என்ன லாபம்? மாம்பழக் காலத்திலும் புளி உலுக்கும் காலத்திலும் எங்கள் பக்கம் மரத்திலிருந்து விழும் பிள்ளைகள் அதிகம். விழும்போது கையை நீட்டி ஊன்றினால், சின்னப் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே ஹியூமரஸ் முறியும். முறிவு மூன்று புள்ளிக்கும் மேலே இருப்பதால் முக்கோணம் கலையாது. முழங்கை பார்க்கக் கோணலாக இருக்கும், மூன்று புள்ளிக்கும் உள்ள உறவு மட்டும் அப்படியே இருக்கும். மூட்டே பின்பக்கம் பிசகியிருந்தால் ஓலிக்ரனான் பின்னால் துருத்தி மேலே ஏறிவிடும், முக்கோணம் குலைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வளைந்த கைதான். எபிகாண்டைல் பகுதியே உடைந்து விலகியிருந்தாலும் முக்கோணம் மாறும், ஆகவே முக்கோணம் குலைந்தால் பிசகல் மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முடிவு சொல்வது எக்ஸ்ரேதான்.

புதியவர்கள் இங்கே நிறுத்திக் கேட்க வேண்டும். புதிதாக அடிபட்டு வீங்கிய முழங்கையில் இந்தப் பயிற்சியைச் செய்யக் கூடாது. மடக்கு, நீட்டு என்று சொல்லவே கூடாது. அப்போது உங்கள் விரல் போக வேண்டிய இடம் மணிக்கட்டு, நாடி துடிக்கிறதா என்று. அப்புறம் விரல் நுனிகள், வெளுத்திருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா, பிள்ளை விரலை அசைக்கிறானா. மேற்கையின் முக்கிய ரத்தக்குழாய் உடைந்த எலும்பின் முன்னாலேயே போகிறது, அது நசுங்கினால் நேரம் மிகக் குறைவு. கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் ஒரு அட்டையோ மடித்த துண்டோ கொடுத்துத் தாங்கவைத்து, 108ஐக் கூப்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஒரு பையன். மாமரத்திலிருந்து விழுந்தவன், ஆறு வயது. எலும்புக்குக் கட்டுப் போடும் ஓர் இடத்தில் எண்ணெய் தடவி உருவி, மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். இரவெல்லாம் வலி வலி என்று அழுதிருக்கிறான், கட்டு பிடித்துக்கொண்டால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். என்னிடம் கூட்டி வந்தபோது பல வாரம் ஆகியிருந்தது, விரல்கள் உள்ளுக்கு மடங்கி விறைத்துப் போயிருந்தன. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் கெட்டு முன்கைத் தசை செத்துவிட்டது. அந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்த முயன்ற நாட்களை என்னால் மறக்க முடியவில்லை. கட்டுப் போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போனால், விரலை நீட்டிவிட்டால் பிள்ளை துடித்தால், அது மணி நேரக் கணக்கில் பார்க்க வேண்டிய ஆபத்து, உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இதே முறிவு கோணலாகச் சேர்ந்துவிட்டால் வேறொரு அடையாளம் விட்டுப்போகும். சாதாரணமாகக் கையை நீட்டி உள்ளங்கையை முன்னால் காட்டினால் முன்கை உடம்பிலிருந்து சற்று விலகி நிற்கும், 5 முதல் 15 டிகிரி வரை என்று பொதுவாகச் சொல்வார்கள், பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது வழக்கம். கோணலாகச் சேர்ந்த கையில் இது திரும்பி, முன்கை உடம்பை நோக்கி உள்ளே வளையும். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த நான்காவது புள்ளி சும்மா இருக்க வேண்டாம். வெளிமேடு, ரேடியஸ் தலை, ஓலிக்ரனான் மூன்றையும் சேர்த்தால் வெளிப்பக்கம் இன்னொரு சின்ன முக்கோணம் வரும், அதன் நடுவில் விரல் மெத்தென்று உள்ளே போகும். மூட்டுக்குள் நீரோ ரத்தமோ சேர்ந்தால் முதலில் நிறைந்து மேடாவது இந்தக் குழி. டாக்டர்கள் ஊசி போட்டு நீர் எடுப்பதும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான். வலிக்காத கையில் குழி, வலிக்கிற கையில் மேடு என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

முன்பக்கத்தில் எலும்பு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே எலும்பெல்லாம் தசைக்கடியில் ஆழத்தில் கிடக்கிறது. கிடைப்பது பைசெப்ஸ் தசையின் கயிறு மாதிரியான நாண், அதை ஒட்டி உள்பக்கம் துடிக்கும் ரத்தக்குழாய். பிரஷர் பார்க்க ஸ்டெதஸ்கோப் வைப்பது அங்கேதான், அதுவரை தெரிந்தால் போதும்.

எக்ஸ்ரே பார்க்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெரியவர்களிடம் நாம் தொட்ட மேடுகள் குழந்தைகளிடம் முதலில் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாக மாறித் தெரியவரும். ஹியூமரஸின் அடியில் வெளிப்பக்கம் உருண்டையாக இருக்கும் கேபிட்டுலம் ஏறக்குறைய 1 வயதில், ரேடியஸ் தலை 3, உள்மேடு 5, ட்ராக்ளியா (ஹியூமரஸின் அடியில் உள்பக்கம் கப்பி மாதிரி இருக்கும் பகுதி) 7, ஓலிக்ரனான் 9, வெளிமேடு 11. வயது முன்னே பின்னே இருக்கும், பெண் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வரும், வரிசை மட்டும் பெரும்பாலும் மாறாது. தனியாக நிற்கும் துண்டைப் பார்த்ததும் முறிவு என்று பதறாமல் இந்த வரிசையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ட்ராக்ளியா இடத்தில் ஒரு துண்டு தெரிந்து, உள்மேடு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், உள்மேடு பிய்ந்து அங்கே போய் மாட்டியிருக்கிறதா என்று சந்தேகப்படத்தான் வேண்டும்.

பழகுவதற்கு

ஒரு வாரத்தில் பத்து முழங்கை தொடுங்கள், எல்லாம் ஒரே மாதிரி வேண்டாம். ஒல்லியான நண்பர், சதைப்பிடிப்பான அத்தை, தோல் மெலிந்த தாத்தா, பாலக்கோட்டில் தக்காளிப் பெட்டி தூக்கி முன்கை முறுக்கேறிய அண்ணன். அந்த அண்ணன் கையில் வெளிமேடு கிடைக்க நேரமாகும், தசை மூடியிருக்கும், மேலிருந்து விளிம்பைப் பிடித்து இறங்கினால் மட்டுமே சிக்கும். எப்போதும் இரண்டு கையையும் தொடுங்கள். ஒருவருடைய இடது முழங்கைக்குச் சரியான அளவுகோல் புத்தகத்தில் இல்லை, அவருடைய வலது முழங்கையில்தான் இருக்கிறது.

நான்கு நாள் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். நண்பர் தன் கையை எந்தக் கோணத்திலும் வைத்துக்கொள்ளட்டும், கவிழ்த்தோ மல்லாத்தியோ தலைக்குப் பின்னால் தூக்கியோ. நீங்கள் முதலில் அல்னாவின் விளிம்பைப் பிடியுங்கள், அது மேலே ஓலிக்ரனானுக்குக் கூட்டிக்கொண்டு போகும், அங்கிருந்து இரு பக்கமும் மேடுகள், வெளிமேட்டுக்குக் கீழே சுழலும் தலை. கை எப்படித் திரும்பியிருந்தாலும் இந்த வழி மாறாது.

முதல் நாள் வைத்த பேனாப் புள்ளிகளை உடனே அழித்துவிடாதீர்கள். மாலையில் குளிக்கப் போகும்போது, சோப்பு போடுவதற்கு முன்னால், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று கையை ஒருமுறை மடக்கி ஒருமுறை நீட்டிப் பாருங்கள், முக்கோணம் கோடாக மாறுவது உங்கள் தோலிலேயே தெரியும். கோட்டில் ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் அந்த மேட்டை மறுநாள் மேலிருந்து மறுபடி தேடுங்கள்.